பொறி எழுதிய காதற் கடிதமும் பால்காட்டும் ஈறும்

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி (1916–1975) எனும் பெயர் மொழியியலாருக்கு முற்றிலும் அயலானதன்று. நிரல்மொழிகளுக்குக் கணித அடிப்படையில் பொருண்மை விளக்கம் தரும் முறையை டானா ஸ்காட்டுடன் இணைந்து வகுத்தவர் அவர். 1967இல் கோப்பன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில் அவர் பயன்படுத்திய கலைச்சொற்கள் பல இன்றும் கணிப்பொறியியலில் வழங்குகின்றன. ஆயின் இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த ஸ்ட்ரேச்சியை அன்று. ஹாரோ பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு, ஓய்வு நேரங்களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெரான்டி மார்க் 1 பொறிக்குத் தம் மனமகிழ்ச்சிக்காக நிரல்கள் எழுதிய ஸ்ட்ரேச்சியே இங்குக் கருதப்படுகிறார்.

அந்நிரல்கள் மூன்று குறிப்பிடத்தக்கவை. ஒன்று டிராஃப்ட்ஸ் எனும் கட்ட விளையாட்டை ஆடுவது. மற்றொன்று பொறியின் ஒலிப்பெருக்கி வழியே பிரிட்டானிய நாட்டுப்பண்ணை இசைப்பது, 1951இல் பி.பி.சி. பதிவுசெய்த அவ்விசை கணிப்பொறி இசையின் மிகப் பழைய பதிவாகக் கருதப்படுகிறது. மூன்றாவது 1952இல் எழுந்த காதற் கடித நிரல். விளையாட்டும் இசையும் வரலாற்று நூல்களில் உரிய இடம் பெற்றன. கடிதங்கள் நெடுங்காலம் வேடிக்கையாகவே எண்ணப்பட்டன. மொழிபெயர்ப்பாளருக்கு இம்மூன்றனுள் பயன்மிக்கது கடித நிரலே.

அதன் அமைப்பு மிக எளியது. முதலில் இரு சொற்களாலான விளி: டார்லிங், ஹனி, ஸ்வீட்ஹார்ட் போன்றவை. அடுத்து ஐந்து தொடர்கள். ஒவ்வொரு தொடரும் இரு வார்ப்புகளுள் ஒன்றில் அமையும். முதல் வார்ப்பு, 'என்' எனும் உடைமைச்சொல்லும் ஒரு பெயரும் எழுவாயாக, 'உன்' எனும் உடைமைச்சொல்லும் ஒரு பெயரும் செயப்படுபொருளாக, இடையே ஒரு வினை வருவது. அடைகள் விருப்பத்திற்கேற்ப வரலாம், வராமலும் போகலாம். இரண்டாம் வார்ப்பு 'நீ என் இன்னது' என்பது. இறுதியில் ஒரு வினையடையுடன் 'எம்.யூ.சி.' எனும் ஒப்பம். மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிப்பொறி என்பதன் சுருக்கம் அது. சொற்கள் ரோஜேயின் சொற்களஞ்சியத்திலிருந்து திரட்டப்பட்டவை. எச்சொல் எங்கு வரவேண்டும் என்பதை டூரிங்கின் பரிந்துரையால் அப்பொறியில் அமைக்கப்பட்ட தற்செயல் எண்ணாக்கி முடிவு செய்தது. 1954 அக்டோபரில் 'என்கவுண்டர்' இதழில் எழுதிய கட்டுரையில் ஸ்ட்ரேச்சி இந்நிரலை விளக்கினார்.

முன்னைத் திறனாய்வுகள்

ஆலன் டூரிங்கின் வரலாற்றை 1983இல் எழுதிய ஆண்ட்ரூ ஹாட்ஜஸ், இக்கடிதங்கள் டூரிங்கையும் ஸ்ட்ரேச்சியையும் மகிழ்வித்தன என்றும், பிறர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை என்றும் சுட்டுகிறார். நோவா வார்ட்ரிப்-ஃப்ரூயின் இதனைக் காதற் கடிதம் எழுதும் செயலையே எள்ளி நகையாடும் நிரலாகக் காண்கிறார். கடிதங்களைவிடக் கடிதம் உண்டாக்கும் முறையே நோக்கத்தக்கது என்பது அவர் கருத்து. ஜேக்கப் கபோரி 2013இல் எழுதிய கட்டுரைத் தொடரில் நிரலைப் பால்புதுமையர் வரலாற்றினுள் வைத்து நோக்குகிறார். டூரிங் தன்பாலீர்ப்புடையவர் என்பது அனைவரும் அறிந்தது. ஸ்ட்ரேச்சியும் அத்தகையவரே என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

இந்நோக்குகள் ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவை கடிதத்தின் இலக்கணத்தைத் தொடவில்லை. ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு பனுவலை விளக்குவது எளிது. பனுவலினுள் அதற்குச் சான்று காட்டுவது அரிது. ஆங்கிலத்தில் தன்மை, முன்னிலைப் பெயர்கள் பால் காட்டுவதில்லை. எனவே எவர் எவருக்கு எழுதும் ஆங்கிலக் காதற் கடிதமும் இயல்பாகவே பால் மறைத்து நிற்கக்கூடும். அதனை மட்டும் வைத்து ஸ்ட்ரேச்சி மறைத்தார் என்று கூறுதல் பொருந்தாது. அவர் உள்ளக்கிடக்கை இன்னதென நிறுவச் சான்றும் இல்லை. பனுவலில் நிறுவத்தக்கது வேறொன்று. வார்ப்பு இரண்டிலும் 'நான்' எனும் எழுவாய் இல்லை. காதலிப்பது எழுதுபவர் அல்லர். அவருடைய ஏக்கமோ தாகமோ பரிவோதான். காதலிக்கப்படுவதும் முன்னிலையார் அல்லர். அவருடைய நெஞ்சமோ ஆர்வமோதான். அறியவரும் சொற்பட்டியலில் ஆண், பெண் என்று வெளிப்படக் கூறும் ஆட்பெயர் ஒன்றும் இல்லை. பண்புப்பெயர்கள் ஒன்றையொன்று விரும்புகின்றன. ஆட்கள் ஓரமாக நிற்கின்றனர்.

இதன் எடையை உணர அக்காலச் சூழலை நினைத்தல் வேண்டும். 1895இல் ஆஸ்கார் வைல்டின் வழக்கில் அவர் ஓர் இளைஞருக்கு எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. 1952 மார்ச் 31இல் டூரிங் தண்டிக்கப்பட்டார். கடித நிரல் எழுந்ததும் அதே ஆண்டே. இங்கிலாந்தில் ஆடவர்க்கிடையேயான தனிப்பட்ட உறவு 1967 வரை குற்றமாகவே இருந்தது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 வரை. காதற் கடிதம் ஒரு சான்றுப்பொருளாகும் உலகில், கடிதத்தின் எந்த உறுப்பு சான்றாகிறது என்பது வெறும் இலக்கண வினா அன்று. அவ்வுறுப்பு ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல். இந்திய மொழிகளில் அது ஒரு விகுதியாகவும் இருத்தல் கூடும்.

மல்காஜ்கிரியில் மூன்று மொழிகள்

கடித வார்ப்புகளை இந்திய மொழிகளில் ஆய்ந்து பார்க்க ஹைதராபாத்தின் மல்காஜ்கிரி ஏற்ற களமாகும். சிக்கந்தராபாத்தை அடுத்த இப்பகுதியில் தெலுங்கு பெருவழக்கு. தக்கினி உருதுவும் வழங்குகிறது. பாளையத்தையும் இரயில்வேயையும் ஒட்டி வந்து தங்கிய குடும்பங்களின் தமிழும் உண்டு. ஹைதராபாத் மென்பொருள் நகராக வளர்ந்தபின் மூன்று மொழிகளையும் காதால் அறிந்த ஒருவர் நிரல் எழுதுபவராக இருப்பது இங்கு வியப்பன்று. மற்றொரு காரணமும் உண்டு. முன்னாள் நிஜாம் அரசு 1919இல் இயற்றிய சட்டம் ஒன்று, பெண்ணுடையிலும் அணிகலனிலும் பொதுவிடத்தில் காணப்படும் திருநரைப் பிடியாணையின்றிக் கைது செய்ய இடமளித்தது. ஆங்கிலத்தில் அவர்களை அது குறித்த சொல்லே இழிசொல். ஆடை சான்றாகும் இச்சட்டத்தைத் தெலங்கானா உயர்நீதிமன்றம் 2023 ஜூலையில்தான் செல்லாததாக்கியது.

முதலில் உருது. 'நான் உன்னை விரும்புகிறேன்' என்பதை உருதுவில் கூற முற்படும் எவரும் 'சாஹ்தா ஹூன்' என்றோ 'சாஹ்தீ ஹூன்' என்றோ முடிக்க வேண்டும். தன்மை வினையே பேசுபவரின் பாலைக் காட்டிவிடுகிறது. வேறு வாய்பாடுகளால் இதைத் தவிர்க்கலாம் எனினும் இயல்பான தொடர் இதுவே. ஸ்ட்ரேச்சியின் முதல் வார்ப்பை அப்படியே உருதுவில் இட்டால் நிலைமை மாறுகிறது. 'மேரீ ஆர்ஸூ தும்ஹாரே தில் கோ டூண்ட்தீ ஹை' என்னும் தொடரில் 'டூண்ட்தீ' எனும் பெண்பால் வடிவம் ஆர்ஸூ எனும் பெயருக்கு இயைந்தது, எழுதியவருக்கு இயைந்ததன்று. 'மேரீ' என்பதும் உடையவரின் பாலைச் சுட்டாது, உடைமையின் பாலையே சுட்டும். ஆர்ஸூவின் இடத்தில் ஷௌக் எனும் சொல் தற்செயலாக வந்தால் 'மேரா ஷௌக்' என்றும் 'டூண்ட்தா ஹை' என்றும் தொடர் ஆண்பாலாகும். தமன்னா, மொஹப்பத் பெண்பால். இஷ்க், அர்மான் ஆண்பால். எனவே ஒரே கடிதத்தின் ஐந்து தொடர்களில் பால் மாறிமாறித் தோன்றும். அதில் எதுவும் எழுதியவரைப் பற்றிய செய்தி ஆகாது. ஆங்கிலத்தில் வெறுமையாக இருந்த இடம் உருதுவில் நிரம்பி வழிகிறது, விளைவு ஒன்றே. கசல் மரபில் காதலிக்கப்படுபவரை ஆண்பால் வினையால் சுட்டுவதும், ரேக்தி மரபில் ஆண் கவிஞர் பெண் குரலில் பாடுவதும் உருது வாசகருக்குப் பழக்கமானவை. ஆதலால் அவர் இக்கடிதத்தை ஆங்கில வாசகரைவிட எளிதில் ஏற்கக்கூடும்.

தெலுங்கில் இடர் வேறு. தன்மை, முன்னிலை வினைகள் பால் காட்டா. ஆனால் பண்பைப் பயனிலையாக்கும்போது 'நுவ்வு மஞ்சிவாடிவி', 'நுவ்வு மஞ்சிதானிவி' என்று முன்னிலையாரின் பால் வெளிப்பட்டுவிடும். இரண்டாம் வார்ப்பை மொழிபெயர்ப்பவர் 'நீ என் இனிய ஏக்கம்' என்பதைச் சற்றே இளக்கி 'நீ இனியவர்' எனும் பொருள்பட அமைத்தால் அந்நொடியே கதவு அடைபடும். மேலும் தெலுங்கின் படர்க்கை ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே ஈறு. 'என் ஏக்கம் தேடுகிறது' என்பதில் எழுவாய் வெளிப்படையாக நிற்கும்வரை குழப்பமில்லை. அடுத்த தொடரில் எழுவாயைத் தொகுத்துவிட்டால் 'வெதுகுத்தோந்தி' என்பது 'அவள் தேடுகிறாள்' என்றும் பொருள்படும். தெலுங்கு நிரலில் எழுவாயைத் தொகுக்கலாகாது என்பதே இதன் பயன்.

தமிழில்

தமிழ் இங்கு நல்வாய்ப்புடையது. 'என் ஏக்கம் உன் நெஞ்சத்தைத் தேடுகிறது' எனும் தொடரின் ஈறு அஃறிணை ஒருமை, பெண்பாலோடு மயங்காது. பண்புப்பெயர்கள் யாவும் அஃறிணையாதலால் முதல் வார்ப்பின் எல்லாத் தொடர்களும் ஒரே ஈற்றில் முடியும். உயர்திணையார் இருவரின் காதல் முழுதும் அஃறிணை வினையால் நடைபெறுகிறது. தொல்காப்பியர் தன்மைப் பெயர்களை உயர்திணையுள் வைத்தார். நன்னூலார் அவற்றை இருதிணைக்கும் பொதுவாக்கினார். 'என்' என்று எழுதும் பொறி ஒன்றை இருவரும் கண்டிலர். கண்டிருப்பின் நன்னூலார்க்கு விதியை மாற்றவேண்டிய தேவை எழுந்திராது.

விளியிலும் தமிழ் கைகொடுக்கிறது. 'அன்பே', 'உயிரே' ஆகியவை பண்பையும் பொருளையும் விளிப்பவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப வழங்குபவை. ஸ்ட்ரேச்சியின் உத்தியைத் தமிழ் விளி முன்னரே உடையது எனலாம். 'கண்ணே' என்பது பெண்ணையும் குழந்தையையும் நோக்கிச் சாய்கிறது, 'கண்ணா' ஆணை நோக்கி. 'அன்பனே', 'காதலியே' என்பன வெளிப்படை. ஒப்பத்தில் 'அன்புள்ள' எனும் பெயரெச்சம் தன் பெயரை வேண்டாமல் நிற்பதும் ஒரு வசதியே. 'உன் அன்பன்' என்று முடித்தால் வசதி போய்விடும்.

இடர் எழுவது மொழிபெயர்ப்பாளரின் நல்லெண்ணத்திலிருந்து. 'நீ என் ஏக்கம்' எனும் தொடர் செயற்கையாக ஒலிக்கிறது. அதனைத் தமிழ் மரபுக்கேற்பத் திருத்த வேண்டும் என்று அவர் கருதுவார். திருத்தும் வழிகள் பெரும்பாலும் பால்காட்டும் சொற்களுக்கே இட்டுச் செல்லும்: 'நீ இனியவள்', 'நீ என் காதலன்'. 'நீ இனியவன்' என ஈற்றில் பால் வெளிப்படுவது தமிழின் மாறாத இயல்பு என்பர் சிலர். அது பிற்கால இயல்பே. பழந்தமிழின் முன்னிலைக் குறிப்பு வினைமுற்று இனியை, நல்லை என்று ஐகார ஈறு பெறும், தன்மையில் நல்லேன். இவற்றில் இடமும் எண்ணும் உண்டு, பால் இல்லை. முன்னிலை வினையை இருதிணைக்கும் பொதுவான விரவுவினையாகத் தொல்காப்பியர் கொண்டதும் இதனோடு ஒக்கும். இவ்வடிவங்கள் வழக்கு வீழ்ந்து 'நல்லவன், நல்லவள்' போன்ற பெயர்கள் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டபோது, முன்னிலையில் இல்லாதிருந்த பால் பாகுபாடு படர்க்கையிலிருந்து உள்ளே நுழைந்தது. தற்காலத் தமிழ் இவ்வகையில் சங்கத் தமிழைவிடக் குறுகியது. கடித நிரலின் தமிழ் வடிவில் 'நீ இனியை' எனும் தொடரை மீட்டுப் பயன்படுத்துவது பழமை பாராட்டலாகத் தோன்றலாம். எனினும், ரோஜேயின் களஞ்சியத்தைப் புரட்டி எடுத்த ஸ்ட்ரேச்சியின் சொற்களும் அன்றைய பேச்சுவழக்கில் நின்றவை அல்ல. சற்றே தூசு படிந்த சொல் இக்கடிதத்திற்கு அழகே சேர்க்கும்.

அகப்பாடல்களோடு ஒப்பிடும் விருப்பம் இங்கு எழுதல் இயல்பு. அகத்தில் ஒருவர் பெயர் சுட்டப்படலாகாது எனும் விதி, எம்.யூ.சி. எனும் ஒப்பத்தை நினைவூட்டுகிறது. ஒப்புமை அவ்வளவோடு நிற்கும். தலைவன், தலைவி, தோழி எனும் கூற்று வகுப்பு பாலை உறுதிப்படுத்திய பின்னரே அகம் பெயரை நீக்குகிறது. ஸ்ட்ரேச்சியின் கடிதத்தில் கூற்று யாருடையது என்பதே திறந்து கிடக்கிறது.

இலக்கண நூல்கள் பால் வரையறைக்கு அப்பாற்பட்டோரை அறியாதவை அல்ல. கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வப் பெயருக்கும் தமக்கென உரிய ஈறு இல்லை என்றும், உயர்திணை ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் கூறுகிறது. நன்னூல் ஒருபடி மேற்சென்று, ஒருவர் எதனை அவாவுகிறாரோ அதன்படி பாலை வகுத்து, அஃறிணையாகக் கொள்ளவும் இடம் தருகிறது. அவாவை அளவுகோலாக்கியது நுண்மை. அஃறிணைக்கும் இடம் தந்தது ஏற்கத்தக்கதன்று. இன்றைய கலைச்சொல்லாக்கம் பின்பற்றுவது தொல்காப்பியர் வழியையே. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து தமிழக அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் இடம்பெற்ற பால்புதுமையர், திருநர் எனும் சொற்கள் உயர்திணையின் அர் ஈற்றை ஏற்பன. இவ்வீறு பாலை மூடி மதிப்பைத் திறக்கிறது. பால்புதுமையர் எனும் ஆக்கத்தில் 'புதுமை' என்பது பொருந்துமா என்பது வேறு வினா. தொல்காப்பியம் விதி கூறிய ஒன்றைப் புதியது எனல் சற்று நகைப்புக்குரியது.

நீயும் நீங்களும்

அர் ஈறு எல்லா இடத்தும் தீர்வாகாது. காதற் கடிதம் 'நீ' என்பதைச் சார்ந்தது. பால் காட்டும் என்று அஞ்சி 'நீங்கள் இனியவர்' என்று எழுதினால் பால் மறையும், அணுக்கமும் உடன்மறையும். அவ்வளவுமன்று. தமிழ்க் குடும்ப வழக்கில் கணவன் மனைவியை 'நீ' என்பதும், மனைவி கணவனை 'நீங்கள்' என்பதும் நெடுநாள் மரபு; தெலுங்கின் 'நுவ்வு', 'மீரு' வழக்கும் இதனை ஒத்ததே. ஆகவே இலக்கணத்தில் பால் இல்லாத முன்னிலைப் பெயர் சமூக வழக்கில் பால் ஏற்றுக்கொள்கிறது. 'நீங்கள்' என்று தொடங்கும் கடிதத்தை ஒரு பெண் ஆணுக்கு எழுதியதாகவே வாசகர் முதலில் கருதுவர். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல்லுக்கு இத்தொல்லை இல்லை. தமிழ் வடிவில் இருவரும் இருவரை 'நீ' எனல் வேண்டும். அத்தகைய சமநிலை கடிதத்தின் பொருளாகவும் ஆகிவிடுகிறது. மூலத்தில் இல்லாத பொருள் அது. ஆயினும் கொள்ளத்தக்க இழப்பன்று, கொள்ளத்தக்க வரவு.

இவ்வினாக்கள் 1952இன் பழம்பொறியோடு முடிந்தவை அல்ல. மென்பொருள்களைத் தமிழாக்குவோர் இவற்றை அன்றாடம் எதிர்கொள்கின்றனர். ஃபேஸ்புக் நிறுவனம் 2014 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஆண், பெண் எனும் இரண்டுக்கு அப்பால் ஐம்பதுக்கு மேற்பட்ட பாலடையாளங்களைத் தந்தது. பெயருக்கு மாற்றான சொற்களோ ஆங்கிலத்தில் கிடைத்த மூன்றே. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள், பயனரின் பாலுக்கேற்ப ஒரு செய்தியை மூன்று வடிவில் எழுத மொழிபெயர்ப்பாளருக்கு வழிசெய்கிறது. தமிழில் மூன்றையும் ஆர் ஈற்றால் நிரப்பி 'சேமித்தார்' என்று முடித்துவிடலாம். கலைக்களஞ்சியத்தின் தொகுப்பாளருக்கு அம்மதிப்பு பொருந்தும். நண்பர்க்கிடையே வழங்கும் செயலியில் பதின்வயதினர் ஒருவரைப் பற்றிய செய்தி 'படத்தை மாற்றினார்' என்று வந்தால் அது அலுவலக அறிவிப்புப் போல் ஒலிக்கும். 'மாற்றினான்' அல்லது 'மாற்றினாள்' எனில், அவர் தம் வீட்டாரிடம் இன்னும் கூறாத ஒன்றை அவருடைய கைப்பேசித் திரை கூறிவிடக்கூடும். அல்லது அவர் ஏற்காத ஒன்றை அவர்மேல் ஏற்றக்கூடும். மல்காஜ்கிரியில் மூன்று மொழிக்கும் செய்தி எழுதும் நிரலர் உருது வடிவில் இதனை உடனே காண்பார், ஏனெனில் அங்கு இறந்தகால வினையின் இயைபு செயப்படுபொருளுக்கு மாறி, 'தஸ்வீர் பத்லீ' என்று படத்தின் பாலையே காட்டும். தமிழில் அதற்கு நிகரானது எழுவாயைப் பொருளாக்குவது: 'கயலின் படம் மாறியது', 'கயலிடமிருந்து ஒரு செய்தி', 'இன்று கயலின் பிறந்தநாள்'. கடைசி இரண்டிலும் வினையே இல்லை.